நாலு கோடு

காலை எட்டே காலுக்கு டயலின் முள் மறுபடியும் அதே இடத்தில் போய் நின்றது. வலது பக்கம் நாலு கோடு கூடுதல்.

அரைநூல் என்று பேர் வாங்கிய பெரியவர் தன் கண்ணாடியைக் கழற்றி, சட்டை முனையில் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். முள் அவருக்காக இறங்கி வரவில்லை. நாலு என்றால் நாலுதான்.

அவர் முன்னால் நின்றது ஒரு சின்ன மில்லிங் மெஷின். கீழே இடமும் வலமுமாக ஓடும் டேபிள். பின்னால் ஒரு தூண். தூணில் போல்ட்டால் பிடித்த தலை. தலைக்குள் சுழலும் ஸ்பிண்டில். அதன் நுனியில் இரும்பைச் சீவும் கட்டர். ஸ்பிண்டில் டேபிளுக்குச் செங்குத்தாக நின்றால்தான் சீவிய முகம் சரியாக வரும். கொஞ்சம் சாய்ந்திருந்தால் வேலையும் சாயும். கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தெரியாது, வேலையை வாங்குகிறவருக்கு மட்டும் தெரியும். சாய்வைக் கண்டுபிடிக்க, கட்டரைக் கழற்றிவிட்டு ஸ்பிண்டிலில் ஒரு கம்பியைப் பிடித்து, அதன் முனையில் டயலை மாட்டி, டயலின் கால் கீழே தொடும்படி வைத்துக் கையால் மெல்ல ஒரு சுற்று சுற்ற வேண்டும். நாலு பக்கமும் முள் ஒரே இடத்தில் நின்றால் நேர். டயலில் ஒரு கோடு என்பது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. ஒரு தலைமுடியின் பருமனை ஏழாகப் பிரித்தால் ஏறக்குறைய அவ்வளவு.

நேற்றுக் காலையும் இதே நாலு கோடுதான். தலையின் போல்ட்டுகளைத் தளர்த்தி, மரச்சுத்தியால் பூனையைத் தட்டுவது போலத் தட்டி, இறுக்கி, இறுக்கிய பிறகும் ஒரு சுற்றுச் சுற்றி, முள் அசையவில்லை என்று கண்ணால் கண்ட பிறகுதான் வேலையைத் தொடங்கினார். முந்தாநாளும் அப்படியே. மூன்று வாரமாக அப்படியே. ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டு எழுதிவருகிறார். பக்கம் முழுக்க ஒரே வரி: வலது, நாலு கூட.

அரைநூல் என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. தொழிற்சாலையில் இருபத்தொன்பது வருஷம் மில்லிங் வேலை பார்த்தபோது ஒட்டிக்கொண்டது. நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. கதவோ காலண்டரோ மேஜையோ எதைப் பார்த்தாலும் "அரை நூல் சாய்ஞ்சிருக்கு" என்பார். மகள் கல்யாணத்தில் புகைப்படக்காரரின் முக்காலியைப் பார்த்தும் அதையேதான் சொன்னார். பக்கத்தில் நின்றிருந்த மாப்பிள்ளையின் அம்மா தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "முக்கால் நூல்" என்றார். இரண்டு குடும்பமும் ஒத்துப்போகும் என்று அரைநூலுக்கு அப்போதுதான் தைரியம் வந்தது.

அந்தச் சம்பந்தியம்மா வேறொரு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருந்தவர். அவர் மேஜைக்குப் போன சாமான்களில் பாதி திரும்பி வரும் என்று பேர். இப்போது ஓய்வுபெற்று, மருந்துக் கடைகளின் தராசுகளைப் பழுது பார்க்கிறார். அதற்கு அவ்வப்போது சின்னச் சின்னப் பித்தளைத் துண்டுகளைச் சீவ வேண்டியிருக்கும். மகளும் மாப்பிள்ளையும் குடியிருந்த வீட்டில் கார் ஷெட் உண்டு, கார் கிடையாது. அரைநூலின் மெஷின் அங்கே வந்து இறங்கியதும், "அம்மா மத்தியானத்துல கொஞ்சம் உபயோகிச்சுக்கலாமான்னு கேட்டாங்க மாமா" என்றார் மாப்பிள்ளை.

"கேக்கணுமா? அவங்க மெஷின்னே நினைச்சுக்கச் சொல்லுங்க."

அப்படிச் சொல்லிவிட்டாரே தவிர, இரண்டு சம்பந்திகள் ஒரு மெஷினைப் பங்குபோடுவது ஒரு குளியலறையைப் பங்குபோடுவது மாதிரி. உள்ளே ஒருவர் இருக்கும்போது இன்னொருவர் வந்துவிட்டால் இருவருக்குமே சங்கடம். அதனால் அரைநூல் காலை எட்டிலிருந்து ஒரு மணி வரை. சம்பந்தியம்மா மூன்று மணிக்கு மேல். ஒருவரை ஒருவர் பார்ப்பது விசேஷங்களில் மட்டும். ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் இவர் மகளிடம் சொல்வார், மகள் கணவரிடம், அவர் அம்மாவிடம். மூன்று வாய் மாறிப் போவதற்குள் எந்தக் காரமும் சர்க்கரையாகிவிடும்.

மரியாதைக்கும் குறைவில்லை. சம்பந்தியம்மா வேலை முடித்துப் போனால் மெஷினில் ஒரு துளி எண்ணெய், ஒரு பித்தளைத் தூள் மிச்சம் இருக்காது. ஆள் வந்து போன அடையாளமே இருக்காது. அரைநூலும் சும்மா இல்லை. அவர் உட்கார முதுகு சாயும் நாற்காலி ஒன்று கொண்டுவந்து போட்டார். டேபிளை ஓட்டும் சக்கரம் சுற்றக் கடினமாக இருந்ததை, "அத்தைக்குத் தோள் வலியாம்" என்று மகள் சொன்ன அன்றைக்கே இலேசாக்கி வைத்தார்.

இந்த ஏற்பாட்டில் இரண்டு மாதம் குறையில்லாமல் ஓடியது. கேட் கீல், கைப்பிடி, பம்புக்கு ஒரு அடிக்கட்டை என்று முரட்டு வேலைகள். நாலு கோடு சாய்ந்தால் யாருக்கும் தெரியாது. பிறகு மைக்ரோஸ்கோப் பழுது பார்க்கும் ஒருவர் எட்டு இரும்புக் கட்டைகள் கேட்டார். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். முகம் ஒரு கோட்டுக்கு மேல் சாயக் கூடாது. அரைநூல் செய்து அனுப்பினார். எட்டும் திரும்பி வந்தன. ஒன்றரைக் கோடு சாய்வு என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால் நடந்தது இது. டயலை எடுத்து வைத்தார், நாலு கோடு, நேராக்கினார். மறுநாள் மறுபடி நாலு. அன்றிலிருந்து தினம்.

திரும்பி வந்த அந்தக் கட்டுக்கு முன்னாலும் ஒரு கட்டு உண்டு. போன வருஷம் தொழிற்சாலையில் அவர் செய்த நாற்பது சாமான்கள் சோதனையில் திரும்பின. மெஷினா, இரும்பா, கட்டரா என்று யாரும் துருவவில்லை. "வயசாகுதில்ல" என்று மேலாளர் தோளில் தட்டினார். அந்தத் தட்டுதான் தாங்கவில்லை. ஒரு மாதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். தன் கையா, வேறு ஏதாவதா என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

இறுக்கும்போது போல்ட் தலையை இழுத்துக்கொண்டு போகும், அது சகஜம். நல்ல கை என்றால் எந்த போல்ட்டை முதலில் இறுக்குவது, எவ்வளவு என்று அதற்கே தெரியும். இறுக்கிய தலை தினமும் நாலு கோடு நகர்கிறது என்றால் இறுக்கின கையைத்தானே சொல்ல வேண்டும்?

"என்னப்பா, மறுபடியும் முள்ளுகூடப் பேச்சுவார்த்தையா?" மகள் டீயோடு வந்து நின்றாள்.

"அதுதான் பேசுது. நான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

டீயைக் கொடுத்துவிட்டு அவள் போகவில்லை. கதவோரம் சாய்ந்துகொண்டு நகத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கோவிச்சுக்கிற மாதிரி இருந்தா சொல்லாத."

"அவரோட ஆபீஸ்ல ஒருத்தர் வண்டியை விக்கிறாராம். நல்ல கண்டிஷன். தெருவுல நிறுத்தினா சைடு கண்ணாடிய ஒடச்சிட்டுப் போயிடுறாங்கப்பா."

"ஷெட் வேணுங்கிற."

"வேணும்னு சொல்லல. நீங்களும் கொஞ்சம் கால நீட்டி உக்காரலாம்ல. அத்தைகூடச் சொன்னாங்க..." நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமில்லப்பா."

"பாதி அளவு ஒரு அளவே இல்ல. முழுசாச் சொல்லு."

"'உங்கப்பா மாதிரி தங்கமான மனுஷரப் பாக்க முடியாது, பாவம், கைதான் கொஞ்சம் தளர்ந்துடுச்சு போல'ன்னு சொன்னாங்க. நல்ல மனசோடதாம்பா சொன்னாங்க."

அரைநூல் டீயைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைக்காமல் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். ஆடவில்லை. ஆனால் டம்ளர் ஆடாமல் இருப்பதற்கும் நூறில் ஒரு பங்குக்கும் ரொம்ப தூரம்.

"சனிக்கிழமை மத்தியானம் எட்டுக் கட்டையும் புதுசா செஞ்சு கொடுக்கணும்" என்றார். "இந்தத் தடவையும் திரும்பி வந்துச்சுன்னா நானே ஆளுங்களக் கூட்டிட்டு வந்து மெஷினத் தூக்கிடுறேன். வண்டிக்காரர்கிட்ட அதுவரைக்கும் பொறுக்கச் சொல்லு."

"நான் அதுக்குச் சொல்லலப்பா."

"தெரியும்மா. நான் அதுக்குத்தான் சொல்றேன்."

அது புதன்கிழமை. அன்று கிளம்பும் முன் அவர் ஒரு காரியம் செய்தார். தலையும் தூணும் சேரும் இடத்தில் இரண்டின் மேலும் படும்படி கூர்மையான பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். தலை நகர்ந்தால் கோடு இரண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுக்கும். எந்தப் பக்கம், எவ்வளவு என்றும் தெரிந்துவிடும்.

வியாழன் காலை போய்ப் பார்த்தால் கோட்டையே காணோம். தூண் பளபளவென்று இருந்தது. சம்பந்தியம்மா துடைத்துவிட்டார்.

அதற்கு மேல் துப்பறிய அவருக்குத் தெம்பு இல்லை. டயலை வைத்தார், நாலு, நேராக்கினார். டேபிளின் நடுவில் அவருடைய கனமான இரும்புத் தகடு நாலு போல்ட்டில் பிடித்திருந்தது. கட்டைகளை அதன் மேல்தான் பூட்டுவார். வியாழனும் வெள்ளியும் ஒவ்வொரு கட்டையாகச் சீவினார். வெள்ளி பன்னிரண்டு மணிக்கு ஏழு முடிந்து எண்ணெய்த் துணிக்குள் வரிசையாகப் படுத்திருந்தன.

எட்டாவதை எடுக்கும்போது ஒரு நட்டு கைநழுவி உருண்டு டேபிளின் வலது கோடிக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டது. குனிந்தார். எடுத்துக்கொண்டு நிமிரும்போது வலது பக்கச் சுவர் கண்ணுக்கு நேரே வந்தது. பூச்சில் ஒரு தழும்பு. சின்ன நாணயம் அளவு. ஒன்றல்ல, ஒன்றின் மேல் ஒன்றாக ஏழெட்டு வட்டங்கள். புதுசு, உள்ளே வெள்ளையாக இருந்தது. டேபிள் சக்கரத்தின் கைப்பிடி சரியாக அந்த உயரத்தில் இருந்தது.

ஆனால் கைப்பிடிக்கும் சுவருக்கும் ஒரு முழத்துக்கு மேல் இடைவெளி. டேபிளை வலது கோடிவரை ஓட்டினால் ஒழிய இடிக்காது. அவர் ஒருநாளும் அவ்வளவு தூரம் ஓட்டியதில்லை. அவருடைய வேலை எல்லாம் நடுவில், தகட்டின் மேல்.

சக்கரத்தில் கை வைத்தவர், எடுத்துவிட்டார். இதை ஓட்டுகிறவரிடமே கேட்பதுதான் முறை என்று பட்டது. எட்டாவது கட்டையைப் பூட்டி, சீவி, துணிக்குள் வைத்தார். ஒரு மணி ஆயிற்று. அவர் கிளம்பவில்லை.

இரண்டே முக்காலுக்கு மகள் எட்டிப் பார்த்துப் பதறினாள். "அப்பா, அத்தை வர்ற நேரம்!"

"வரட்டும்."

"சண்டை கிண்டை போடப் போறீங்களா?"

"நீ போய் டீ போடு. ரெண்டு டம்ளர்."

சம்பந்தியம்மா சரியாக மூன்றுக்கு வந்தார். கையில் தகரப் பெட்டி, கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடி. உள்ளே அரைநூலைக் கண்டதும் தாழ்ப்பாள் போடாத குளியலறைக் கதவைத் திறந்தவர் மாதிரி ஒரு அடி பின்னால் போனார்.

"ஐயோ, நீங்க இன்னும் கிளம்பலையா? நான் அப்புறமா வர்றேன் சம்பந்தி."

"இருங்க சம்பந்தி. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"மருமககிட்ட சொல்லி விட்டிருக்கலாமே."

"அவ வழியா வந்தா அளவு மாறிடும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெட்டியைக் கீழே வைத்தார்.

"நீங்க தினம் வந்ததும் என்ன செய்வீங்களோ அதச் செய்ங்க" என்றார் அரைநூல். "நான் ஓரமா நிக்கிறேன்."

"எனக்குப் பரீட்சையா?"

"உங்களுக்கு இல்ல. எனக்கு."

சம்பந்தியம்மா அவரை ஒரு தடவை பார்த்தார். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பெட்டியிலிருந்து ஒரு பெரிய பேரிங்கின் வளையத்தையும் தன் டயலையும் எடுத்தார். டேபிளின் சக்கரத்தைச் சுற்றினார். டேபிள் வலது பக்கமாக நகர்ந்தது. நடுவில் இருந்த தகடு ஸ்பிண்டிலை விட்டு விலகி, தாங்கும் அடிப்பாகத்தையும் தாண்டி அந்தரத்தில் போய் நின்றது. கைப்பிடி சுவரில் "டொக்" என்று இடித்தது. டேபிளின் இடது கோடியில் இருந்த காலி இடம் இப்போது ஸ்பிண்டிலுக்குக் கீழே வந்துவிட்டது. வளையத்தை அங்கே வைத்து, டயலின் கால் அதன் மேல் படும்படி ஒரு சுற்று சுற்றினார்.

"வலது பக்கம் நாலு கோடு குறைவு" என்றார். சொல்லிவிட்டுத் தன் நோட்டில் தேதி போட்டு எழுதினார். பழக்க தோஷத்தில் ஸ்பேனரை எடுத்துத் தலையின் போல்ட்டுக்குக் கொண்டுபோனவர், பாதியில் நிறுத்தினார். முகம் சிவந்துவிட்டது.

"தினமும் நேராக்குவீங்களா?"

"சாய்ஞ்சிருந்தா நேராக்கித்தானே ஆகணும்." ஸ்பேனரைக் கீழே வைத்தார். "ஆரம்பத்துல ஒரு தடவ சரி பண்ணேன். அப்புறம் அம்பது நாள் அசையல. மூணு வாரமாத்தான் தினம் தள்ளி நிக்குது. உங்களுக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படுமேன்னு சத்தமில்லாம பண்ணிட்டுப் போயிடுவேன்."

அரைநூல் தன் நோட்டை எடுத்துப் பிரித்து அவர் நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரே தேதிகள். காலையில் வலது நாலு கூட. மாலையில் வலது நாலு குறைவு. மூன்று வாரமாக அரைநூல் காலையில் நிமிர்த்தியதைச் சம்பந்தியம்மா சாயங்காலம் நிமிர்த்தியிருக்கிறார்.

சம்பந்தியம்மா இரண்டு நோட்டையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். பிறகு அவர் பார்த்தது தலையை அல்ல, டேபிளை. அந்தரத்தில் நிற்கும் தகட்டை. டயலின் கால் வளையத்தின் வலது பக்கம் படும்படி திருப்பி நிறுத்தினார். டேபிளின் வலது கோடிக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்து மேலே தாங்கினார். முள் ஏறியது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. கையை எடுத்தார். இறங்கியது.

"தொங்குது" என்றார் அரைநூல்.

"தொங்குது" என்றார் சம்பந்தியம்மா.

அரைநூல் தகட்டைப் பிடித்திருந்த போல்ட்டுகளைத் தொட்டுப் பார்த்தார்.

"தகட்டக் கழட்டி வெச்சுட்டு நடுவுல வேலை பாத்திருக்கலாமே சம்பந்தி. நாலே நாலு போல்ட்டு."

"நல்லாச் சொன்னீங்க. நீங்க அளவு பாத்து மாட்டி வெச்சத நான் கழட்டுவேனா? சம்பந்தி வீட்டுச் சாமான். நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆனா, பையனப் பெத்தவன்னு அதிகாரம் பண்றான்னு பேச்சு வரும். அதான் ஓரமா, சாமானக் கவ்விப் பிடிக்கிற என் சின்ன வைஸப் போட்டு வேலை பாத்துட்டு, எல்லாத்தையும் இருந்த மாதிரியே வெச்சுட்டுப் போயிடுவேன்." சொல்லிக்கொண்டே டேபிளைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். புருவம் நெரிந்தது. "ஆனா ஒரு தகடு தொங்கினதுக்கே இவ்வளவு சாயுதுன்னா டேபிள் ஓடுற சறுக்குல இடைவெளி ரொம்ப இருக்கு. யாரு இத இப்படி லூசா விட்டது?"

அரைநூல் தரையைப் பார்த்தார்.

"நான்தான்."

"நீங்களா!"

"சக்கரம் சுத்த உங்களுக்குத் தோள் வலிக்குதுன்னு கேள்விப்பட்டேன். சறுக்க இறுக்கிப் பிடிக்கிற பட்டை இருக்கில்ல, அதோட ஸ்க்ரூவ அரைச் சுத்து தளர்த்தி விட்டேன். செய்யக் கூடாதுதான். சம்பந்தியாச்சேன்னு..."

"அந்தத் தோள் வலி கல்யாண ஆல்பத்தத் தூக்கி வெச்சப்ப வந்தது. ஒரே வாரத்துல போயிடுச்சு!"

"அது எனக்கு யாரும் சொல்லலையே."

அரைநூல் தளர்த்திய அரைச் சுற்றும் சம்பந்தியம்மா கழற்றாத நாலு போல்ட்டும் சேர்ந்து நாலு கோடு. சம்பந்தியம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"உங்ககிட்ட மறைக்க மாட்டேன் சம்பந்தி. உங்க கை போயிடுச்சுன்னு நினைச்சேன். வீட்டுலயும் வாய் விட்டுட்டேன்."

"பரவால்ல. நானும் அதையேதான் நினைச்சுக்கிட்டிருந்தேன்."

டீ வந்தது. மகள் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். யார் முகத்திலும் சண்டை தெரியாததால் குழம்பிப்போய் டம்ளர்களை வைத்துவிட்டு வாசல்படியிலேயே நின்றாள்.

பட்டையின் ஸ்க்ரூவை அரைநூல் இறுக்கினார். சக்கரம் பழையபடி கனத்தது. சம்பந்தியம்மா சுற்றிப் பார்த்து, "இதுதான் சக்கரம், முன்ன இருந்தது காத்தாடி" என்றார். டேபிளை மறுபடி கோடிக்கு ஓட்டி, டேபிளின் கோடியை அழுத்தியும் தூக்கியும் பார்த்ததில் நாலு கோடு ஒன்றாகக் குறைந்திருந்தது. இனிமேல் காலை வேலை முடிந்ததும் தகட்டைத் தானே கழற்றி வைத்துவிட்டுப் போவதாக அரைநூல் சொன்னார். அதைத் தூக்கி மாட்டுவதை மட்டும் தன்னிடம் விடும்படி சம்பந்தியம்மா சொல்லிப் பார்த்தார், அவர் கேட்கவில்லை.

"அந்த மிச்சம் ஒரு கோடு?" என்றார் சம்பந்தியம்மா.

"அது மெஷினோடது. அதுக்கும் வயசாகுதில்ல."

சொன்ன பிறகுதான், யார் வாயிலிருந்து கேட்ட வார்த்தை அது என்று அவருக்கு நினைவு வந்தது. எண்ணெய்த் துணியை எடுத்து வந்து பெஞ்சில் விரித்தார். எட்டுக் கட்டைகள்.

"இதையும் பாத்துடுங்க."

சம்பந்தியம்மா கட்டைகளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "நான் பாத்தா சம்பந்தின்னெல்லாம் பாக்க மாட்டேன்."

"அதுக்குத்தான் கேக்கறேன்."

பெட்டியிலிருந்து சமதளக் கல் வந்தது, டயல் நிறுத்தும் தூண் வந்தது, உள்ளங்கையில் அடங்கும் ஒரு மூலைமட்டம் வந்தது. கண்ணாடி மூக்கில் ஏறியது. அந்த நிமிஷத்திலிருந்து அவர் குரல் வேறு குரலாகிவிட்டது. அதில் மரியாதையும் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை.

"ஒண்ணு. அரைக் கோடு. ஓரமா வைங்க. அடுத்தது."

அரைநூல் எடுத்துக் கொடுத்தார். கை ஆடுகிறதா என்று பார்க்கத் தோன்றவில்லை.

"அரை. அடுத்தது. இது கால்கூட இல்ல. அடுத்தது."

ஏழு கட்டைகள் இடப்பக்கம் போயின. எட்டாவதில் முள் நகர்ந்தது. சம்பந்தியம்மா கட்டையைத் துடைத்து மறுபடி வைத்தார். திருப்பி வைத்தார். கல்லைத் துடைத்தார். முள் மறுபடியும் அங்கேயே போனது.

"மூணு."

வாசல்படியில் மகள் மூச்சை இழுத்தது கேட்டது. சம்பந்தியம்மா கட்டையைக் கவிழ்த்து வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். அடிமுகத்தின் ஓரத்தில் எள்ளில் பாதி அளவுக்கு ஒரு பள்ளம். "பூட்டும்போது அடியில ஒரு பிசிறு மாட்டியிருக்கு. அது மேல ஏறி உக்காந்துதான் சாய்ஞ்சிருக்கு. தகட்டத் துடைக்காம வெச்சிருக்கீங்க."

அரைநூல் வாங்கிப் பார்த்தார். பன்னிரண்டு மணி. நட்டு உருண்டது. சுவர்த் தழும்பு. அதைப் பார்த்த வேகத்தில் தகட்டைத் துடைக்காமல் கட்டையைப் பூட்டினது நன்றாக நினைவிருந்தது.

"இது மெஷின் இல்ல" என்றார் சம்பந்தியம்மா.

"இல்ல" என்றார் அரைநூல். "இது நான்."

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் தெரிந்தது வருத்தம் இல்லை என்று மகள் பிற்பாடு கணவரிடம் சொன்னாள். தொலைந்த சாவி சட்டைப் பையிலேயே கிடைத்த ஆள் மாதிரி இருந்தாராம். போன வருஷத்து நாற்பதில் ஒன்றைக்கூட இப்படிக் கவிழ்த்துப் பார்க்க யாரும் அவரிடம் கொடுத்ததில்லை.

"ஒரு கட்டை கூடுதலா அறுத்து வெச்சிருக்கேன். நாளைக் காலைல சீவிடுறேன்."

"சீவி எங்கிட்டக் காட்டிட்டு அனுப்புங்க" என்றார் சம்பந்தியம்மா. பிறகு, சொன்னது அதிகப்படியோ என்று தோன்றியதுபோல, "சம்பந்தி" என்று சேர்த்துக்கொண்டார்.

சனிக்கிழமை எட்டே காலுக்குத் தகட்டை மாட்டி டயலைச் சுற்றினார். வலது, ஒன்று. நேராக்கினார். தகட்டைத் துடைத்தார். துடைத்த துணியையே உதறிப் பார்த்துவிட்டு மறுபடி துடைத்தார். ஒன்பதாவது கட்டையைச் சீவி முடித்தபோது சம்பந்தியம்மா காலையிலேயே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "அரை" என்றார். மத்தியானம் எட்டுக் கட்டைகளும் போயின. சாயங்காலம்வரை ஒன்றும் திரும்பி வரவில்லை. ஆறு மணிக்கு மைக்ரோஸ்கோப்காரர் போனில் கூப்பிட்டு, அடுத்த மாதத்துக்கு இன்னும் எட்டு முடியுமா என்று கேட்டார்.

"அப்போ வண்டிய என்னப்பா பண்றது?" என்றாள் மகள்.

"வாங்கச் சொல்லு. தெருவுல நிக்கட்டும். சைடு கண்ணாடி ரெண்டுக்கும் இரும்புல ஒரு காப்புச் செஞ்சு தர்றேன்."

"அத்தைகிட்டயும் ஒரு வார்த்த சொல்லிடட்டுமா?"

"வேண்டாம். நானே சொல்லிக்கிறேன்" என்றார் அரைநூல்.